கண்ணோட்டம்: ஒரு சாலை கற்பிக்கும் பாடம்



இன்றைய உரைக்குக் 'கண்ணோட்டம்' என்று தலைப்பிட்டிருக்கிறோம். இக்காலத்தில் இச்சொல்லைக் கேட்டவுடன் 'பார்வை', 'கருத்துநிலை' என்னும் பொருளே பலருடைய நினைவில் எழும். செய்தித்தாளில் பொருளாதாரக் கண்ணோட்டம் என்று எழுதுகிறோம். வினாத்தாளில் மாணவரின் கண்ணோட்டத்தைக் கேட்கிறோம். திருக்குறளில் இச்சொல்லுக்கு உள்ள பொருள் வேறு. பழகியவர்களைக் கண்டவிடத்து, அவர்கள் கேட்டதை மறுக்க மாட்டாமல் நெகிழும் உள்ளத்தின் இயல்பே கண்ணோட்டம் என்று பரிமேலழகர் விளக்குகிறார். நம் கண் மற்றவர்மேல் ஓடிச் சென்று தங்குவதால் விளைவது ஆதலின் அப்பெயர் பெற்றது என்பது அவர் காட்டும் காரணம். பிற்காலத்தார் இதனைத் தாட்சணியம் என்றனர்.

பிறரை மதித்தல், அவர்தம் விருப்பத்திற்கு இடங்கொடுத்தல் ஆகிய இரண்டும் அடங்கிய இப்பண்பைப் பற்றி நூல்வழி மட்டும் பேசினால் அது அறிவுரையாக முடிந்துவிடும். ஆதலால் நம் பினாங்கு மாநிலத்திலேயே, ஜார்ஜ்டவுன் நகரின் நடுவே உள்ள ஒரு சாலையைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று இன்று வழங்கும் அதற்குப் பழைய பெயர் பிட் தெரு. பிரிட்டனின் தலைமை அமைச்சராக இருந்த வில்லியம் பிட் என்பவரின் பெயரால் அமைந்தது. இன்றும் முதியோர் பலர் பழைய பெயராலேயே அதனைச் சுட்டுவர். சுற்றுலா ஏடுகள் அதனை நல்லிணக்கத் தெரு என்று போற்றுகின்றன. அப்போற்றுதல் எந்த அளவுக்கு உண்மை, அவ்விணக்கம் எவ்வாறு வந்தது, அதில் நமக்குள்ள பங்கு யாது என்பனவே இன்று நாம் ஆராய விரும்பும் வினாக்கள்.

வலியோர்க்கு உரைத்த அறம்

முதலில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். விட்டுக்கொடுத்தலை நாம் பெரும்பாலும் எளியோர்க்குரிய பண்பாகவே கற்பித்து வருகிறோம். வீட்டில் இளையவரிடமும், பெண் பிள்ளைகளிடமும், பள்ளியில் குரல் உயர்த்தாத மாணவரிடமும் 'நீ விட்டுக்கொடுத்துப் போ' என்கிறோம். வள்ளுவர் இப்பண்பை எங்கு வைத்தார் என்று பாருங்கள். கண்ணோட்டம் என்னும் அதிகாரம் அறத்துப்பாலின் இல்லறவியலில் இல்லை. அது பொருட்பாலில், அரசனுக்குரிய கடமைகளைக் கூறும் அரசியலில், 58ஆம் அதிகாரமாக நிற்கிறது. அதற்கு முன்னுள்ள இரண்டு அதிகாரங்கள் கொடுங்கோன்மையும் வெருவந்த செய்யாமையும் ஆகும். குடிகளை வருத்தாதே, அவர்களை அஞ்சச் செய்யாதே என்று ஆள்பவனுக்கு உரைத்த பிறகே, அவர்கள்மேல் கண்ணோடு என்கிறார் அவர். ஆணையிடும் ஆற்றல் உள்ளவன் தன் ஆற்றலைச் சற்றே தளர்த்திக்கொள்வதுதான் கண்ணோட்டத்தின் முதல் நிலை என்பது இந்த வைப்புமுறையால் விளங்கும்.

இரண்டாவதாக, அதே அதிகாரத்தில் ஒன்றற்கொன்று முரண்போலத் தோன்றும் இரு கருத்துகள் உள்ளன. தம் கடமை கெடாத வகையில் கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்று ஒரு குறள் எல்லை வகுக்கிறது. அதிகாரத்தின் இறுதிக் குறளோ, பழகியவர் நஞ்சையே ஊற்றக் கண்டாலும் நாகரிகத்தை விரும்புவோர் அதனை உண்டு அமைவர் என்று எல்லையையே கடந்துபோகிறது. முன்னது அளவு, பின்னது அளவின்மை. எவ்விடத்தில் எதனைக் கொள்வது? வாழ்க்கை முழுவதும் நம்மைத் தொடரும் வினா இது. இதற்கு விடை தேடியே அந்தச் சாலைக்குப் போகிறோம்.

நான்கு வழிபாட்டிடங்கள், 33 ஆண்டுகள்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். துறைமுகம் வளர வணிகர் வேண்டும். வணிகர் தங்க அவரவர் வழிபாட்டிற்கும் வழக்கத்திற்கும் இடம் வேண்டும். கம்பெனி நிலம் வழங்கியதற்கு இந்த வணிகக் கணக்கே முதற்காரணம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

சாலையின் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடப்போமானால், முதலில் பர்குவார் தெரு முனையில் 1818இல் கட்டிமுடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வெண்ணிறத் தூண்களுடன் நிற்பதைக் காண்போம். அடுத்து 1800இல் எழுந்த குவான் யின் ஆலயம், ஊதுவத்திப் புகை சூழ விளங்கும். அதற்கடுத்து 1833இல் நிறுவப்பட்ட அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம்; முகப்பு குயின் தெருவில் இருப்பினும் அதன் பின்புறம் இச்சாலையை நோக்கியுள்ளது. பின்னர் சூலியா தெருவை நெருங்கும் இடத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் குவிமாடங்களும் மினாராவும் தோன்றும். தென்னிந்திய முசுலிம்களின் தலைவராக விளங்கிய காதர் மொகிதீன் 1801இல் கம்பெனியிடமிருந்து பெற்ற 18 ஏக்கர் நிலத்தில் எழுந்தது அது. இன்னும் சற்று நடந்தால் 1808ஆம் ஆண்டின் அச்சே தெருப் பள்ளிவாசல். சாலையை ஒட்டி நிற்கும் முதல் நான்கும் 1800க்கும் 1833க்கும் இடைப்பட்ட 33 ஆண்டுகளுக்குள் தோன்றியவை. இவை அனைத்தையும் பத்துப் பதினைந்து நிமிட நடையில் கண்டுவிடலாம்.

இவற்றுள் குவான் யின் ஆலயத்தின் சீனப் பெயர் நமக்கு ஒரு பாடம். 'கொங் ஹொக்' என்னும் அப்பெயர் குவாங்தோங், ஹொக்கியென் என்னும் இரு நாட்டுப் பகுதிகளின் பெயர்களைச் சேர்த்தமைத்தது. ஒருவர் பேசினால் மற்றவர்க்கு விளங்காத இரு மொழிக் குழுவினர், ஆளுக்கொரு கோயில் கட்டாமல், இருவர் பெயரும் தாங்கிய ஒரே கோயிலை எழுப்பினர். தம் பெயர் மட்டுமே நிற்க வேண்டும் என்னும் விருப்பத்தை இரு சாராரும் சிறிது குறைத்துக்கொண்டதன் விளைவே அப்பெயர்.

அரசாட்சியும் தன் அளவில் ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு தலைவர் இருந்தார். கப்பித்தான் என்பது அவர்க்குரிய பட்டம். போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். 1807இல் பினாங்கிற்கு வழங்கப்பட்ட நீதிப் பட்டயம், நீதிமன்றம் தன் கடமையைச் செய்கையில் இங்கு வாழும் பல்வேறு மக்களின் சமயங்களையும் பழக்கவழக்கங்களையும் இயன்றவரை கருத்திற்கொள்ள வேண்டும் என்று நெறிவகுத்தது. 'இயன்றவரை' என்னும் அந்த வரம்பில் வள்ளுவர் சொன்ன கடமை கெடாத கண்ணோட்டத்தின் சாயல் உண்டு.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. அழகிய அந்தத் தேவாலயம் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்டிரார். ஒரு சாலையில் யார் யாருக்கு மதிப்பு வழங்கப்பட்டது என்று ஆராயும்போது, மதிப்பு வழங்கப்பெறாதோர் யார் என்றும் கேட்பதே நேரிய வரலாற்றுக் கல்வி.

இணக்கம் உடைந்த பத்து நாட்கள்

அருகருகே நான்கு வழிபாட்டிடங்கள் இருப்பதனாலேயே மக்கள் இணங்கி வாழ்வர் என்று கருதுவது பிழை. நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்கு வந்த அதே 1867ஆம் ஆண்டில், ஆகஸ்டுத் திங்களில், இச்சாலையும் இதனைச் சுற்றிய தெருக்களும் ஏறத்தாழப் பத்து நாட்கள் போர்க்களமாயின. கீ ஹின், தோ பே கொங் என்னும் இரு சீனச் சங்கங்கள் மோதின. முசுலிம்களிடையே முகர்ரம் விழாக் குழுக்களாகத் தொடங்கிய வெள்ளைக் கொடியினரும் சிவப்புக் கொடியினரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தனர். வெள்ளைக் கொடி கீ ஹின்னுடனும் சிவப்புக் கொடி தோ பே கொங்குடனும் நின்றன. சாலையின் தென்கோடியில் தொடரும் கேனன் தெருவின் பெயர், அக்கலவரத்தில் முழங்கிய பீரங்கியின் நினைவு என்று சொல்வதுண்டு.

இதில் கருதத்தக்கது யாதெனில், அது ஒரு சமயத்தார்க்கும் மற்றொரு சமயத்தார்க்கும் இடையே நிகழ்ந்த சண்டையாக இருக்கவில்லை. இரு பக்கமும் சீனர் இருந்தனர்; இரு பக்கமும் முசுலிம்கள் இருந்தனர். பகை சமயத்திலிருந்து பிறக்கவில்லை. வருவாயையும் செல்வாக்கையும் பற்றிய போட்டியில், 'நம் பக்கம் சற்றும் இறங்கலாகாது' என்னும் பிடிவாதத்தில் பிறந்தது. கலவரத்தை ஆராய ஆணையம் அமைந்தது. 1869இல் சங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இருவர் பெயரும் தாங்கிய ஆலயம் எழுந்து 67 ஆண்டுகள் கழித்தே இத்தனையும் நிகழ்ந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். முன்னோர் விட்டுக்கொடுத்தனர் என்பதற்காகப் பின்னோர்க்கு அப்பண்பு தானே வந்துசேர்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. ஆசிரியப் பணியின் தேவையும் இங்குதான் இருக்கிறது.

உரிமையும் அதனைப் பயன்படுத்தும் முறையும்

ஒரு சாலையில் ஊர்வலம் போகும் உரிமை எல்லார்க்கும் உண்டு. இந்தியாவில் 1920களில் பள்ளிவாசல்களின் முன்னே மேளம் முழக்கிச் செல்வது பற்றிய பூசல்கள் பல ஊர்களில் கலவரமாயின. பொதுச் சாலையில் சமய ஊர்வலம் நடத்தும் உரிமை உண்டு, அது அதிகாரிகளின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது என்று அக்காலத்தில் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இரு தரப்பாரும் முசுலிம்களே என்பது அறியத்தக்கது.

சட்டம் உரிமையைச் சொல்லும். அதனை எப்பொழுது, எவ்வளவு பயன்படுத்துவது என்பதைச் சட்டம் சொல்லாது. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் சாமி ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கையில் மேளத்தைச் சிறிது நிறுத்திச் செல்லும் வழக்கம் உண்டு. அவ்வாறு நிறுத்துவோர்க்கு முழக்கும் உரிமை இல்லாமற் போகவில்லை. உரிமை கையில் இருக்கும்போதே அதனைச் சிறிது நேரம் மடித்து வைத்துக்கொள்கின்றனர். நாகூர்த் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட இந்து மன்னர் பிரதாபசிங் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அந்த நாகூர் ஆண்டகையின் பெயரால் அமைந்த தர்கா ஒன்று நம் சூலியா தெருவிலும் உண்டு. தைப்பூச நாளில் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வெள்ளி இரதத்தின் முன்னே சீன அன்பர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதை ஆண்டுதோறும் நாம் காண்கிறோம். ஒருவர் வழியில் மற்றவர் சிறிது தூரம் உடன் நடப்பதும் கண்ணோட்டமே.

மொழியில் உறையும் மதிப்பு

மொழிப் பேரவையின் மேடையில் மொழியைப் பற்றிப் பேசாமல் முடிக்கலாகாது. ஒரு பொருளைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைத் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. தாழ்ந்தோன் கேட்பது ஈ. ஒத்தோன் கேட்பது தா. உயர்ந்தோன் கேட்பது கொடு. அக்காலச் சமுதாயத்தின் படிநிலை இதில் தெரிகிறது. அதனை நாம் இன்று அப்படியே பின்பற்ற வேண்டுவதில்லை. ஆனால் கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பதை நினையாமல் வாய் திறக்கலாகாது என்னும் உணர்வு அதில் உள்ளது.

ஒருவரைப் பன்மையால் 'அவர் வந்தார்' என்று உயர்த்திக் கூறுவதைப் பற்றியும் தொல்காப்பியர் பேசுகிறார். அது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்பது அவர் கருத்து. எண்ணிக்கையில் ஒருவராக இருப்பவரைப் பலராகச் சொல்வது இலக்கணத்திற்குப் பிழை. மக்களோ, மதிப்பின் பொருட்டு அப்பிழையை விரும்பிச் செய்தனர். இலக்கணம் பின்னர் அதற்கு இடமளித்தது. கடுமையான இலக்கணமே மக்களின் மரியாதை உணர்வுக்கு விட்டுக்கொடுத்த வரலாறு இது.

இன்னொன்று. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளடங்குவார்; 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்பார். மலாய் மொழியில் இவ்வேறுபாடு 'கித்தா', 'காமி' என்னும் இரு சொற்களால் உணர்த்தப்படுகிறது. ஹொக்கியென் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. இச்சாலையில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் இம்மூன்று மொழிகளும், பேசுகிறவன் வாய் திறக்கும்போதே 'எதிரில் நிற்பவரைச் சேர்த்துக்கொள்கிறாயா, விலக்குகிறாயா' என்று கேட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். வகுப்பறையில் நம் மாணவர் ஒருவர் 'நாங்கள்' என்று சொல்லும்போது அவர் யாரை வெளியே நிறுத்துகிறார் என்று அவரையே எண்ணிப் பார்க்கச் செய்வது நல்ல இலக்கணப் பாடமாகவும் நல்ல ஒழுக்கப் பாடமாகவும் அமையும்.

மலாய் மக்கள் பண்பட்ட நடத்தையைப் 'புடி பஹாசா' என்கின்றனர். புத்தி, பாஷை என்னும் வடசொற்களின் வழிவந்தது அத்தொடர். அறிவும் மொழியும் சேர்ந்ததே பண்பு என்னும் எண்ணம் அதில் பொதிந்துள்ளது. குறுகிய ஐந்தடிப் பாதையில் ஒருவரைக் கடக்கும்போது உடலைச் சற்றே வளைத்துத் 'தும்பாங் லாலு' என்று சொல்லிச் செல்வது அவர்கள் வழக்கம். பாதை பொதுவானது, இருந்தும் கடந்து செல்ல இசைவு கேட்கின்றனர். இச்சொல்லைத் தமிழ் மாணவர் கற்பதால் தமிழுக்கு இழப்பேதும் இல்லை.

பெயரிட்டு அழைத்தல்

மதிப்பின் மிக எளிய வடிவம், ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பது. இச்சாலையின் பெயரிலேயே ஒரு முள் இருக்கிறது. 'கெலிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பர். பழைய மலாய் நூல்களில் அது இந்தியாவிலிருந்து, சிறப்பாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரைக் குறிக்கும் இயல்பான சொல்லாகவே ஆளப்பட்டது. காதர் மொகிதீனுக்கு அது பட்டத்தின் பகுதி. அவரைப் பெருமைப்படுத்திய சொல். காலப்போக்கில் அதே சொல் இழிவுக் குறிப்பு ஏறி, கேட்போரைப் புண்படுத்தும் சொல்லாயிற்று. எழுத்து மாறவில்லை, ஒலி மாறவில்லை, சொல்லும் வாயின் தொனி மாறியது. பள்ளிவாசலின் பெயராக நிற்கும்போது அது வரலாறு. ஒரு மாணவனைப் பார்த்து வீசும்போது அது வசை. சொல்பவர் 'நாங்கள் தவறாக நினைத்துச் சொல்லவில்லை' என்று கூறினாலும், புண்பட்டவரின் விருப்பத்திற்கு இணங்கி அச்சொல்லைத் தவிர்ப்பதே பண்பு. இதனை நாம் மற்றவரிடம் எதிர்பார்க்கும் உரிமை உடையோம்.

அவ்வாறாயின் அதே கடமை நமக்கும் உண்டு. நம்மவர் வாயில் மற்ற இனத்தாரைக் குறித்து வழங்கும் சொற்கள் எல்லாம் அவர்கள் காதில் விழத்தக்கவையா? நம்மிடையேயும் சாதியைச் சுட்டி, நிறத்தைச் சுட்டி, தோட்டத்திலிருந்து வந்தவர் என்று சுட்டி ஒருவரை அழைப்பதில்லையா? தமிழ் முசுலிம் கடைக்காரரை அன்போடு 'மாமா' என்று அழைத்த உறவுச்சொல்லே 'மாமாக்' என்று திரிந்து, ஒரு கூட்டத்தின் பெயராகி, சில வேளைகளில் ஏளனத்தோடும் ஒலிக்கிறது. உறவாகப் பிறந்த சொல்லும் தொனி கெட்டால் தாழ்வடையும். ஆகவே மாணவர்களே, ஒரு சொல்லைப் பயன்படுத்துமுன் அகராதியைப் பார்ப்பது போலவே, அச்சொல்லைக் கேட்பவரின் முகத்தையும் பாருங்கள். கண் ஓட வேண்டிய இடம் அது.

நாங்கள் செய்த ஒரு பிழை

இனி எங்கள் பட்டறிவிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் சிலர் சேர்ந்து மாணவர்களை இச்சாலைக்கு அழைத்துச் சென்றோம். பள்ளிவாசலில் பார்வையாளர்க்குரிய அங்கியை மாணவியர் தயக்கமின்றி வாங்கி அணிந்துகொண்டனர். ஆலயத்திற்கு வந்தபோது, குருக்கள் எல்லார்க்கும் பொங்கல் வழங்கினார். எங்களுடன் வந்திருந்த முசுலிம் மாணவர் ஒருவர் கையை நீட்டவில்லை. வலக்கையை நெஞ்சில் வைத்து, "மன்னிக்கணும் ஐயா, எனக்கு வேண்டாம்" என்றார். பின்னால் நின்ற நாங்கள் பதறிப்போய், "வாங்கிக்கொள் தம்பி, கொடுப்பதை மறுப்பது மரியாதை இல்லை" என்று அவர் தோளைத் தொட்டுத் தள்ளினோம்.

குருக்களோ எங்களைத் தடுத்தார். "விடுங்கள் ஆசிரியரே. வேண்டாம் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் பாருங்கள்" என்று கூறிவிட்டு, அந்த மாணவரிடம், "வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள், தண்ணீராவது குடியுங்கள் தம்பி" என்றார். மாணவர் தண்ணீரை இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார்.

மரியாதையைக் கற்பிக்க வந்த நாங்களே அங்கு மரியாதை தவறியவர்கள் ஆனோம். கொடுப்பவர் விருப்பத்தை மதிக்கத் தெரிந்த எங்களுக்கு, மறுப்பவர் விருப்பத்தை மதிக்கத் தெரியவில்லை. விருந்தோம்பல் சிறந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேண்டாம் என்ற பிறகும் இலையில் மேலும் மேலும் இடுவது, உண்பவரின் வயிற்றைவிட நம் பெருமையைப் பெரிதாக எண்ணுவதாகும். இணங்குதல் என்பது கேட்டதைச் செய்வது மட்டுமன்று. செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதைச் செய்யாதிருப்பதும் ஆகும். அன்று அந்த மாணவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். பேருந்தில் திரும்பும்போதுதான் கேட்டோம்; அப்பொழுதே, எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்க வேண்டும் என்பது இன்றுவரை எங்கள் மனத்தில் உறுத்துகிறது.

எல்லை எங்கே?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருகிறோம். எதுவரை விட்டுக்கொடுப்பது? 'விட்டுக்கொடுத்தல்' என்னும் சொல்லையே சற்று ஆராய்வோம். அதில் கொடுத்தல் இருக்கிறது. தன்னிடம் இருப்பதைத்தான் ஒருவர் கொடுக்க முடியும். அச்சத்தால் கைநழுவ விடுவதும், வலியோர் பறித்துக்கொள்வதும் விட்டுக்கொடுத்தல் ஆகா. மேலும் 'அவர் தம் நண்பரை யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்' என்றும் தமிழில் சொல்கிறோம். அங்கே விட்டுக்கொடுத்தல் என்பது கைவிடுதல் என்னும் குற்றமாகிவிடுகிறது. ஒரே சொல்லுக்குப் பண்பும் பழியுமாக இரு முகங்கள். தன் இருக்கையை, தன் முறையை, தன் பெருமையை விட்டுக்கொடுப்பவன் உயர்கிறான். தன் நண்பனை, தன் மனச்சான்றை, தன் தாய்மொழியை விட்டுக்கொடுப்பவன் தாழ்கிறான்.

ஒருவர் தமிழ்ப்பள்ளியில் படிப்பதாலோ, தம் வீட்டில் தமிழ் பேசுவதாலோ மற்ற இனத்தார்க்கு அவமதிப்பு ஏதும் நேர்வதில்லை. நான்கு வழிபாட்டிடங்களும் தத்தம் உருவை இழந்து ஒரே கட்டடமாகிவிடவில்லை. குவிமாடம் குவிமாடமாகவும் கோபுரம் கோபுரமாகவும் இருக்கின்றன. இணக்கம் என்பதற்கு உருவிழத்தல் என்று பொருளில்லை. அதனால்தான் 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, பல பண்பாடுகள் அருகருகே தத்தம் உருவோடு வாழ்வதே இந்நகரங்களின் சிறப்பாகச் சுட்டப்பட்டது.

இனி நம் வகுப்பறை. ஆசிரியரிடம் 'புரியவில்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று எண்ணி ஆண்டு முழுவதும் தலையசைத்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் குடிப்பது மெல்லக் கொல்லும் நஞ்சு. அதனை நாகரிகம் என்று நாம் பாராட்டலாகாது. அம்மாணவர்க்கு, 'ஐயா, இன்னொரு முறை சொல்ல முடியுமா?' என்று பணிவாகக் கேட்கும் சொற்களைக் கற்பிப்பதே நாம் அவர்மேல் ஓடவிடும் கண். பணிவாக மறுக்கவும், பணிவாக வினவவும், பணிவாக மாறுபடவும் தெரியாத பணிவு முழுமையடையாது. அதுபோலவே இரு மாணவர் பூசலிடும்போது, எப்பொழுதும் அமைதியானவரையே இறங்கிப்போகச் சொல்வது நமக்கு எளிது, அது நீதியாகாது. வள்ளுவர் அவ்வதிகாரத்தை வைத்த இடத்தை நினைந்து, வலியவரிடம் முதலில் பேசுவோமாக. வகுப்பறையில் எல்லாரினும் வலியவர் ஆசிரியர். ஆகவே முதற்கடமை நம்முடையது.

மலேசிய மாணவர் அனைவரும் அறிந்த ருக்குன் நெகாரா 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. முந்திய ஆண்டு மே 13இல் நாடு கண்ட துயரத்திற்குப் பின் எழுந்தது அது. அதன் ஐந்து கோட்பாடுகளுள் நான்காவது சட்டத்தின் ஆட்சி. ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். சட்டம் முன்னும் நன்னடத்தை பின்னும் நிற்கும் இவ்வரிசையை நாம் இவ்வாறு பொருள்கொள்கிறோம்: எவர் உரிமையும் பறிக்கப்படாமல் காப்பது சட்டம்; காக்கப்பட்ட உரிமையை எவர் மனமும் நோகாமல் பயன்படுத்துவது நன்னடத்தை. முன்னது இல்லாத இடத்தில் பின்னதைக் கேட்பது எளியோரை ஏய்ப்பதாகிவிடும். பின்னது இல்லாத இடத்தில் முன்னது நீதிமன்றத்தை மட்டுமே நிரப்பும்.

அவையோர்களே, அடுத்த முறை அச்சாலைக்குச் செல்லும்போது ஒன்று செய்யுங்கள். பள்ளிவாசலின் பாங்கொலியும், ஆலயத்து மணியும், ஊதுவத்தி விற்கும் மூதாட்டியின் குரலும், பூத்தொடுக்கும் பெண்களின் பேச்சும் சேர்ந்து ஒலிக்கும் அவ்விடத்தில் சற்று நில்லுங்கள். குறுகலான ஐந்தடியில் எதிரே ஒருவர் வருவார். வழி ஒருவர்க்கே போதும். அப்பொழுது யார் ஒதுங்குவது என்று அவர் முடிவு செய்யும்வரை காத்திராமல், நீங்கள் ஒதுங்கி வழிவிடுங்கள். அவர் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள், சிரிக்காவிட்டாலும் வருந்தாதீர்கள். இருநூறு ஆண்டுகளாக அச்சாலை நிலைத்திருப்பது, பெயர் தெரியாத பலர் அவ்வாறு ஒதுங்கி நின்றதனால்தான்.